ஆண்கள் மனம் விட்டுப் பேசினால் உள்ளே என்ன மாறுகிறது? – ஓர் எளிய விளக்கம்

அக்டோபர் 10ஆம் நாள் உலக மனநல நாளும், நவம்பர் 19ஆம் நாள் ஆண்கள் நாளும் வரும்போதெல்லாம் "ஆண்களே, மனம் விட்டுப் பேசுங்கள்" என்ற வாசகம் சுவரொட்டிகளிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களிலும் நிறைந்துவிடுகிறது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வாசகம்தான். ஆனால் யாரிடம் பேசுவது, எதைப் பேசுவது, பேசினால் உள்ளே என்ன மாறும், பேசியும் மாறாவிட்டால் அடுத்து எங்கே போவது என்ற கேள்விகளை அது தொடுவதே இல்லை. அதனால்தான், ஆறு மாதமாக வட்டி கட்ட முடியாமல் தவிக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னால், "பேசினா கடன் அடைஞ்சிடுமா?" என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அது நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையாக விடை சொல்ல முயல்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனக்குள் நடப்பது இன்னதென்று ஒருவர் தானே கண்டுகொள்வதற்கான வழிகளில் பேச்சு முக்கியமானது. ஆண்கள் பேசாமல் இருப்பதற்கு அவர்களுடைய பிடிவாதம் மட்டும் காரணமில்லை. அவர்கள் பேசத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதும் சம அளவுக்குக் காரணம்.

எண்ணிக்கையில் தெரியும் ஒரு முரண்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். அதாவது பத்துப் பேரில் ஏழு பேருக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டில் 19,834 பேர் இறந்திருக்கிறார்கள். நாடு முழுவதும் இறந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி.

மறுபுறம், மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் சுமார் ஒன்றரை மடங்கு அதிகமாகக் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் பெண்களிடம் அதிகம் என்றால் இறப்பு மட்டும் ஆண்களிடம் ஏன் அதிகம்? இதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. கடன், குடி, வேலையிழப்பு, தனிமை எனப் பலவும் இதில் கலந்திருக்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றைத்தான் நாம் பெரும்பாலும் பார்க்கத் தவறுகிறோம்: ஆண்களின் மனச்சோர்வில் ஒரு பகுதி, மனச்சோர்வு என்று யாராலும் கண்டுகொள்ளப்படாமலே போய்விடுகிறது.

சோகமாகத் தெரியாத சோர்வு

மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன், என்பது ஒருநாள் மனம் வாடிப்போவது அன்று. மனம் தாழ்ந்து கிடப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது என்னும் இரண்டில் ஒன்றாவது, குறைந்தது இரண்டு வாரங்களுக்குப் பெரும்பாலான நேரமும் நீடித்து, அதோடு தூக்கம், பசி, உடல்வலு, கவனம், தன்மதிப்பு ஆகியவையும் கெட்டு, அன்றாட வேலையே தடுமாறும் நிலையைத்தான் மருத்துவர்கள் இப்பெயரால் குறிக்கிறார்கள்.

இந்த நிலை எல்லோரிடமும் கண்ணீராக வெளிப்படுவதில்லை. பல ஆண்களிடம் அது எரிச்சலாக வெளிப்படும். பிள்ளை பென்சிலைத் தொலைத்ததற்குக் கை ஓங்கும் அளவு கோபமாக வெளிப்படும். சிலர் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் இரவு பத்து மணி வரை பட்டறையிலேயே இருப்பார்கள். வாரத்தில் ஒருநாள் குடித்தவர் தினமும் குடிக்கத் தொடங்குவார். பைக்கைக் கண்மூடித்தனமாக ஓட்டுவார். இன்னும் பலருக்கு அது உடல்நோயாகவே தோன்றும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிகள் வரிசையில் நிற்கும் நாற்பத்தைந்து வயது லேத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் "நெஞ்சு படபடன்னு அடிக்குது, வயித்துல கேஸ், ராத்திரி தூக்கமில்ல" என்கிறார். ஈசிஜி எடுக்கிறார்கள், சரியாக இருக்கிறது. பின்னால் அறுபது பேர் காத்திருக்கிறார்கள். கேஸ் மாத்திரை எழுதிக் கொடுக்கப்படுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. படபடப்பும் வயிற்றுக் கோளாறும் உண்மையானவை. மருத்துவரும் கடமை தவறவில்லை. ஆனாலும் "எப்பத்திலிருந்து தூக்கமில்ல? வேலையில மனசு ஒட்டுதா?" என்ற இரண்டு கேள்விகள் கேட்கப்படாததால், அடுத்த மாதமும் அவர் அதே வரிசையில் நிற்பார், அல்லது வராமலே போய்விடுவார்.

இந்த இடைவெளியை உலகுக்குக் காட்டிய நிகழ்வு ஒன்று சுவீடன் நாட்டின் கோட்லாண்ட் தீவில் நடந்தது. 1980களின் முற்பகுதியில் அத்தீவின் பொது மருத்துவர்கள் எல்லோருக்கும் மனச்சோர்வைக் கண்டறிவதில் பயிற்சி அளிக்கப்பட்டது. அதன்பின் அங்கே தற்கொலை இறப்புகள் குறைந்தன. ஆனால் வுல்ஃப்காங் ரூட்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, அந்தக் குறைவு பெரும்பாலும் பெண்களிடம்தான் நிகழ்ந்திருந்தது. ஆண்களின் இறப்பு அசையவே இல்லை. மருத்துவர்கள் கற்றுக்கொண்ட அறிகுறிகளைச் சொல்லிக்கொண்டு ஆண்கள் அவர்களிடம் வரவில்லை என்பதே இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அதற்குப் பிறகுதான் எரிச்சல், குடி, அடங்காத கோபம், ஓய்வின்மை போன்றவற்றையும் கேட்கும் தனி வினாப்பட்டியல் ஒன்று ஆண்களுக்கென அத்தீவின் பெயரிலேயே உருவாக்கப்பட்டது.

இதுவரை பார்த்தவற்றில் நினைவில் கொள்ள வேண்டியது இரண்டு. மனச்சோர்வு என்பது குறைந்தது இரண்டு வாரங்களாவது நீடிக்கும், உடலையும் வேலையையும் சேர்த்துக் கெடுக்கும் ஒரு நோய்நிலை. ஆண்களிடம் அது கோபமாகவோ குடியாகவோ உடல்வலியாகவோ வரக்கூடும் என்பதால், அழுகைக்காகக் காத்திருந்தால் அதைத் தவறவிடுவோம்.

குக்கர் உவமை எங்கே தவறுகிறது?

மனத்தைப் பிரஷர் குக்கரோடு ஒப்பிடுவது நம்மிடம் வெகு இயல்பான பேச்சு. உள்ளே நீராவி சேர்ந்துகொண்டே போகிறது, விசில் வழியாகக் கொஞ்சம் வெளியேறாவிட்டால் வெடித்துவிடும், ஆகவே மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்பது அதன் பொருள். இந்த உவமையில் ஒரு பாதி உண்மை. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குவதால் அது குறைவதில்லை. ஜேம்ஸ் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் நடத்திய ஆய்வுகளில், துயரக் காட்சிகளைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று பணிக்கப்பட்டவர்கள் வெளியே கல்லாக இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய துயரம் குறையவில்லை, இதயமும் இரத்தக் குழாய்களும் கூடுதல் அழுத்தத்துக்கு உள்ளாயின. "அவரு எதையும் வெளிய காட்டிக்க மாட்டாரு" என்று நாம் பெருமையாகச் சொல்லும் மனிதரின் உடல் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

மறு பாதிதான் தவறு. நீராவியைப் போலக் கோபத்தைத் திறந்துவிட்டால் அது தீர்ந்துவிடுவதில்லை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை மனத்தில் எண்ணியபடியே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் மேலும் ஏறியது; எதுவும் செய்யாமல் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கே கோபம் குறைவாக இருந்தது. நண்பர்களோடு டாஸ்மாக்கில் அமர்ந்து மேலாளரை இரண்டு மணி நேரம் திட்டிவிட்டு வருபவர் மறுநாள் காலை அதே கனத்தோடு எழுவதற்கு மதுவின் விளைவும் காரணம்; உள்ளே இருந்ததைக் கொட்டினாரே தவிர, அது என்னவென்று ஒருமுறையும் பார்க்கவில்லை என்பதும் காரணம்.

பெயரிடுதல்: உண்மையான வேலை நடக்கும் இடம்

நம் மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும் சிறு உறுப்புக்கு அமிக்டலா என்று பெயர். ஆபத்தை உணர்ந்தவுடன் இதயத்தை வேகமாகத் துடிக்கச் செய்து உடலை உஷார்ப்படுத்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி முன்மூளைப் புறணி. சொல்லைத் தேடுவது, எடைபோடுவது, திட்டமிடுவது, அவசர எதிர்வினையைத் தடுத்து நிறுத்துவது ஆகியவற்றில் அது முக்கியமாகப் பங்கேற்கிறது.

கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் கருவிக்குள் இருந்தவர்களுக்குக் கோபமோ அச்சமோ கொண்ட முகங்கள் காட்டப்பட்டன. அந்த முகத்தின் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது; அமிக்டலாவின் கொந்தளிப்பு தணிந்தது. அதே முகத்துக்கு ஆள்பெயர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவ்வளவு தணிவு ஏற்படவில்லை. ஆகவே சொல் எதுவாக இருந்தாலும் போதும் என்பதில்லை. உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை செய்கிறது. இதை உணர்ச்சிக்குப் பெயரிடுதல் எனலாம்.

இங்கேதான் ஆண்பிள்ளைகளை வளர்க்கும் முறை குறுக்கே வருகிறது. விழுந்து முட்டியில் அடிபட்ட ஐந்து வயதுப் பையனிடம் "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்கிறோம். பயம், அவமானம், ஏக்கம், தனிமை, குற்றவுணர்வு ஆகிய அத்தனையையும் பள்ளியிலும் தெருவிலும் மறைத்தே பழகிய ஒருவருக்கு, முப்பது வயதில் கைவசம் மிஞ்சியிருக்கும் சொற்கள் "கடுப்பு", "டென்ஷன்", "வெறுப்பா இருக்கு" ஆகிய மூன்றுதான். தன் உணர்ச்சியை இன்னதென்று அறிந்து சொல்ல இயலாத இந்த நிலையை உளவியலாளர்கள் அலெக்ஸிதைமியா என்கிறார்கள். வளர்ப்பின் விளைவாக ஆண்கள் பலரிடம் இதன் லேசான வடிவம் இருப்பதாக ரொனால்ட் லெவன்ட் என்ற உளவியலாளர் வாதிட்டிருக்கிறார். "என்ன ஆச்சுன்னு சொல்லுங்களேன்" என்று மனைவி கேட்கும்போது "ஒண்ணுமில்ல" என்று கணவர் சொல்வது பல வேளைகளில் மறைப்பதற்காக அன்று. தேடிப் பார்த்தும் அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. இதைப் புரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும் என்று நம்புகிறேன்.

பெயரிடுவதால் உடனே நிம்மதி வந்துவிடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கையின் மிகக் கசப்பான நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் மாணவர்கள் எழுதினார்கள். நிகழ்வையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு முன்பைவிடக் கலக்கமாகவே இருந்தார்கள். அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் அவர்கள் போனது குறைந்தது. மனம் விட்டுப் பேசிய அன்றிரவு ஒருவருக்குக் கனம் கூடியதாகத் தோன்றினால், "பேசியிருக்கவே கூடாது" என்று அவர் முடிவுகட்டிவிட வேண்டியதில்லை.

அசைபோடுவதும் பேசுவதும் ஒன்றல்ல

"நான்தான் ராத்திரியெல்லாம் அதையே யோசிச்சிட்டிருக்கேனே" என்று சிலர் சொல்வார்கள். ஒரே எண்ணம் முடிவை எட்டாமல் திரும்பத் திரும்பச் சுற்றுவதை மன அசைபோடல் என்கிறோம். உளவியலாளர் சூசன் நோலன் ஹூக்செமாவின் நெடுநாள் ஆய்வுகள் இது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று காட்டியுள்ளன. தனக்குள் சுற்றும் எண்ணத்துக்குத் தொடக்கமும் முடிவும் தேவையில்லை. இன்னொருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால், எப்போது தொடங்கியது, யார் என்ன சொன்னார், அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். அந்த வரிசைதான் சுழற்சியை உடைக்கிறது.

கடன் கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. பேசுவதால் கடன் அடையாது. ஆனால் கவனம் சிதைவதும், முடிவெடுக்க முடியாமல் போவதும், எல்லா வழியும் அடைபட்டுவிட்டதாகத் தோன்றுவதும் மனச்சோர்வின் அறிகுறிகள். எந்தக் கடனை முதலில் பேசித் தீர்ப்பது, யாரிடம் தவணை கேட்பது, மிரட்டும் கந்துவட்டிக்காரர் மீது எங்கே புகார் கொடுப்பது என்று யோசிக்க எந்தத் தெளிவு வேண்டுமோ, அதைத்தான் நோய் முதலில் பறிக்கிறது. கடனுக்குத் தனியாக வழி தேடத்தான் வேண்டும். தேடுவதற்கான தெளிவு திரும்ப வேண்டும் என்றால் மனத்தையும் கவனித்தாக வேண்டும்.

சுருக்கமாக: அடக்குவதால் உணர்ச்சி குறையாது, வெறுமனே கொட்டுவதாலும் குறையாது, தனியே அசைபோடுவதால் நீளும். உணர்ச்சிக்குப் பெயரிட்டு, நடந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி வரிசையாகச் சொல்லும்போதுதான் மூளையின் கொந்தளிப்பு தணியத் தொடங்குகிறது.

கேட்பவரின் கையில் இருப்பது

"என்னடா ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல மச்சான், கொஞ்சம் டென்ஷன்."

"அட விடு, எல்லாருக்கும் இருக்கறதுதான். எல்லாம் சரியாயிடும்."

தமிழ்நாட்டின் எல்லா டீக்கடை வாசலிலும் நடக்கும் உரையாடல் இது. ஆறுதல் சொன்னதாக நண்பர் நினைக்கிறார். கதவு மூடப்பட்டதாக மற்றவர் நினைக்கிறார். இதே பேச்சைச் சற்றே மாற்றிப் பாருங்கள்.

"ரெண்டு வாரமா கிரவுண்டு பக்கமே வரல, போன் பண்ணாலும் எடுக்கல. நீ அப்படிப்பட்ட ஆளு இல்லையே. ராத்திரி தூங்குறியா மாப்ள?"

"எங்க தூங்குறது... மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது."

"முழிச்சதும் என்ன ஓடும் மனசுல?"

இங்கே மூன்று செய்திகள் உள்ளன. நண்பர் தாம் கண்டதைச் சொன்னார். அதனால் "ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கழிக்க இடமில்லாமல் போயிற்று. உடலைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்டார், "சோகமா இருக்கியா?" என்ற கேள்விக்கு ஒப்புக்கொள்ளத் தயங்கும் ஆண்கள் தூக்கம், பசி, தலைவலி பற்றிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதிகாலை விழிப்பு மனச்சோர்வின் முக்கியமான அறிகுறிகளுள் ஒன்று என்பதால், அந்தப் பதிலே பெரிய தகவல். மூன்றாவதாக, தீர்வு சொல்ல அவசரப்படாமல் இன்னொரு கேள்வி கேட்டார்.

முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசுவது பல ஆண்களுக்குக் கூச்சம். பைக்கின் பின்னிருக்கையில், வரப்பில் நடக்கும்போது, ஏதோ ஒன்றைச் சேர்ந்து பழுதுபார்க்கும்போது அவர்கள் எளிதாகப் பேசுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களில் தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவிய ஆண்கள் பட்டறைகள் இதை நம்பியே நடக்கின்றன. ஓய்வுபெற்ற ஆண்கள் அங்கே மரவேலை செய்யக் கூடுகிறார்கள், கை வேலை செய்துகொண்டிருக்க வாய் மெல்லத் திறக்கிறது. நம் ஊரில் இதற்கெனக் கட்டடம் தேவையில்லை. கேரம் போர்டும் பம்புசெட்டும் போதும்.

செய்யக் கூடாதவற்றில் முதன்மையானது ஒப்பீடு. "உனக்கென்னடா குறைச்சல், என் நிலைமையைப் பாரு" என்ற ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பெரும்பாலானோர் மறுபடி வாய் திறப்பதில்லை. அவர் சொன்னதை உறவுக்காரர்களிடம் பரப்புவதும் அப்படியே.

இன்னொரு கேள்வியைக் கேட்கப் பலரும் அஞ்சுகிறார்கள். "வாழவே வேண்டாம்னு தோணுதா? உயிரை விட்டுடலாம்னு நினைச்சியா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தனியாகச் சுமந்தவருக்கு அது இளைப்பாறுதலாகவே அமைகிறது. "ஆமாம்" என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல், அறிவுரை சொல்லாமல், அவரைத் தனியே விடாமல் கூட இருங்கள். ஆபத்தான பொருள்களை அவருக்கு எட்டாமல் வையுங்கள். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பேச்சு மட்டும் போதாதபோது

நண்பரின் காது ஒரு தொடக்கம். நோய் முற்றியிருந்தால் சிகிச்சை வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளோரில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் சிகிச்சையே பெறவில்லை. வெட்கமும் இதற்கு ஒரு காரணம். 1794இல் தொடங்கப்பட்ட சென்னை மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பள்ளியில் அந்தச் சொல்லால் கேலி செய்த பையன், வளர்ந்த பின் தனக்கே உதவி தேவைப்படும்போது எப்படித் துணிந்து போவான்?

சிகிச்சை இருவகை. ஒன்று, பயிற்சி பெற்றவரோடு ஒழுங்கான முறையில் அமர்ந்து பேசும் உளவியல் சிகிச்சை. இதற்குப் பெரிய பட்டம் பெற்றவர்கள்தாம் வேண்டும் என்பதில்லை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் என்ற தொண்டு அமைப்பும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளூர் மக்களுக்கே பயிற்சி தந்து ஆலோசகர்களாக்கினார்கள். அளவுமீறிக் குடித்த ஆண்களுக்கு அவர்கள் அளித்த சில அமர்வுகளே பலன் தந்தன என்பது 2016இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. மற்றொன்று மருந்து. மனச்சோர்வுக்கான மாத்திரைகளின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அவை போதைப் பழக்கத்தை ஏற்படுத்துபவை அல்ல. பழக்கமாகிவிடக்கூடிய தூக்க மாத்திரைகளோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சற்றுத் தேறியவுடன் தாமாக நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் நிறுவிய சினேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம். இலங்கையில் இருப்போருக்கான தேசிய மனநல உதவி எண் 1926. தமிழ்நாட்டின் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன.

வேலைக்குத் தெரிந்துவிடுமோ, வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்துக்குச் சட்டம் விடை தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை, வேறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அது கருதுகிறது; அதற்காக அவர் மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

முதன்முறை மனநல மருத்துவரிடம் போகும்போது எல்லாவற்றையும் கோவையாகச் சொல்லத் தெரிய வேண்டுமே என்ற கவலை வேண்டாம். "ரெண்டு மாசமா தூக்கமில்ல, எதுலயும் மனசு ஒட்டல, கோவம் வருது" என்ற ஒரு வரி போதும். மீதியை அவர் கேட்டு வாங்குவார். குடிப்பழக்கம் இருந்தால் அளவை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் மருந்தும் அளவும் அதைப் பொறுத்தே முடிவாகின்றன. மனைவியோ நண்பரோ உடன் வந்தால் நல்லது. தனியாகப் பேச விரும்பினால் அவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லலாம். அந்த மருத்துவரோ ஆலோசகரோ ஒத்துவரவில்லை என்றால், சிகிச்சையே பயனற்றது என்று விட்டுவிடாமல் வேறொருவரைப் பாருங்கள். பல்வலிக்கும் முதுகுவலிக்கும் நாம் அப்படித்தான் செய்கிறோம்.